அரசுக் காப்பீட்டு அட்டையும் துணைக் காப்பீடும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு)



காலையில் மண் பரிசோதனையைப் பற்றியும் அதன்பின் குடிநீர்க் கட்டணத்தைப் பற்றியும் கேட்டீர்கள். இப்பொழுது நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சற்று வேறானது. உழைத்து ஓய்ந்தவர்களின் வைத்தியச் செலவைப் பற்றியது. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவருக்கு ஓய்வு பெறும் தேதி என்று ஒன்று உண்டு. அன்று மாலையிட்டு வீடு வரையில் கொண்டுபோய் விடுகிறார்கள். விவசாயிக்கு அப்படி ஒரு தேதி இல்லை. மண்வெட்டி பிடித்த கை நடுங்கத் தொடங்கும் நாளே அவருக்கு ஓய்வு நாள். இருவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. அந்த நாளுக்குப் பிறகுதான் வருமானம் சுருங்குகிறது. ஆஸ்பத்திரிச் செலவு பெருகுகிறது.

சென்ற சில ஆண்டுகளாக நமது அலுவலகத்திற்கு வருவோர் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகின்றனர். “அரசாங்க அட்டை இருக்கிறது. அதற்கு மேல் துணையாகத் தனியாரிடம் ஒரு காப்பீடு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?” என்பதே அக்கேள்வி. எடுக்கலாம் என்றோ, வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஒரு முறை நாம் அவ்வாறு விடை கூறிவிட்டோம். அதனால் விளைந்ததைப் பின்னர்ச் சொல்லுவோம்.

முதலில் அட்டையைப் பற்றிப் பார்ப்போம். நம் மாநிலத்தில் ஏழைக் குடும்பங்களுக்கான காப்பீடு 2009-ஆம் ஆண்டில் தொடங்கியது. 2012 ஜனவரி முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெற்று வருகிறது. 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்றிருந்த வரம்பு 2022-ஆம் ஆண்டில் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இருதயம், சிறுநீரகம், புற்றுநோய், எலும்பு முறிவு முதலாக ஆயிரத்துக்கு மேற்பட்ட சிகிச்சை முறைகள் பட்டியலில் இருக்கின்றன. நோய் முன்னமேயே இருந்தது என்று சொல்லி யாரையும் தள்ளுவதில்லை. வயது வரம்பும் இல்லை. முதியவர்களுக்கு இவ்விரண்டும் எவ்வளவு பெரிய அனுகூலம் என்பது தனியார் காப்பீட்டின் விதிகளைப் பார்க்கும்போதுதான் விளங்கும்.

மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று 70 வயது நிறைந்தவர்களுக்கென ஒரு விரிவாக்கத்தைத் தொடங்கியது. வருமானம் எவ்வளவாயினும் 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு என்பதும், ஏற்கெனவே ஆயுஷ்மான் பாரத்தில் உள்ள குடும்பத்து முதியவர்களுக்கு அவர்களுக்கென்றே மேலும் 5 லட்சம் என்பதும் அதன் ஏற்பாடு. இதுவும் ஒருவகைத் துணைக் காப்பீடே. பிரீமியம் கட்ட வேண்டுவதில்லை. ஆகவே 70 வயது கடந்தவர்கள் பணம் கொடுத்து எதையும் வாங்குமுன், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் தம் பதிவைப் பற்றி விசாரித்துக்கொள்வது நலம்.

இனி, அட்டை எங்கே நின்றுவிடுகிறது என்று பார்ப்போம். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் மட்டுமே அது செல்லும். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டுமே செல்லும். அந்தச் சிகிச்சைக்கு அரசு நிர்ணயித்த தொகைக்கு மட்டுமே செல்லும். நாள்தோறும் சாப்பிடும் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளுக்கோ, படுக்கையில் சேராமல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் கட்டணத்துக்கோ அது பொதுவாகச் செல்லாது. துணைக்குப் போகிறவரின் பஸ் கட்டணம், சாப்பாடு, இழந்த கூலி இவற்றை எந்த அட்டையும் கணக்கில் எடுப்பதில்லை. நம் வட்டாரத்துக் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். பெரிய ஆபரேஷன் இலவசமாக நடந்த வீட்டிலும், கூட இருந்த பதினைந்து நாள் செலவுக்காகத் தோடு அடகுக்குப் போயிருக்கும்.

இப்பொழுது நமது தவற்றைச் சொல்லுவோம். நமது வட்டாரத்தில் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்ந்த ஒரு பெரியவர் இருக்கிறார். விடியற்காலை நாலரை மணிக்கு மோட்டார் போட்டவர். ஒரு நாளும் தவறியதில்லை என்று அவ்வூரார் சொல்லுவார்கள். அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அந்தப் பிள்ளை தகப்பனாருக்காக ஒரு டாப்-அப் காப்பீடு எடுத்து, அந்தக் காகிதத்தை நமது அலுவலகத்திற்குக் கொண்டுவந்து காட்டினார். முதல் 5 லட்சம் ரூபாயை விலக்கி, அதற்கு மேல் வரும் செலவில் 15 லட்சம் வரையில் கொடுக்கும் பாலிசி அது. “அட்டையில் 5 லட்சம், அதற்கு மேல் இதில் 15 லட்சம், ஆக 20 லட்சம் வரையில் கவலை இல்லை. நல்ல காரியம் செய்தீர்கள்” என்று சொல்லி அனுப்பினோம். காகிதத்தின் முதல் பக்கத்தைத் தவிர வேறு பக்கத்தை நாம் புரட்டவில்லை.

அடுத்த ஆண்டு ஓர் இரவு அப்பெரியவருக்கு நெஞ்சு வலி கண்டது. கிடைத்த காரில் ஏற்றி, பக்கத்து ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தார். அந்த ஆஸ்பத்திரி அரசுத் திட்டத்தில் சேர்ந்ததன்று. பில் 2,80,000 ரூபாய். அட்டை ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. அங்கு அது செல்லாது. டாப்-அப்பும் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. 5 லட்சத்தைத் தாண்டினால்தான் அது வாய் திறக்கும். அறுபது சென்ட் நஞ்சையைப் போக்கியத்திற்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்கள். அதே சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ அட்டையின் பேரில் நடந்திருக்கக் கூடியது.

இங்கே அந்தப் பிள்ளையை யாரும் ஏமாற்றிவிடவில்லை. பாலிசியில் எழுதியிருந்தபடியே நிறுவனம் நடந்துகொண்டது. அட்டை ஒரு சுவரில் சாய்த்த ஏணி. டாப்-அப் வேறொரு சுவரில், ஐந்தாவது படிக்கு மேல்தான் படி வைத்த ஏணி. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் என்று அவர் எண்ணினார், நாமும் எண்ணினோம்.

இதைச் சற்று விளக்கிச் சொல்லுவது அவசியம். டாப்-அப் பாலிசியில் விலக்குத் தொகை என்று ஒன்று உண்டு. அந்தத் தொகையை நீங்கள் கையிலிருந்து கொடுத்தாலும், வேறொரு காப்பீடு கொடுத்தாலும் நிறுவனத்துக்கு ஒன்றே. அதற்குக் கீழ்ப்பட்ட பில்லில் அது தலையிடாது. அதனால்தான் பிரீமியம் குறைவு. அட்டை செல்லுமிடத்தில், அதாவது திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், சிகிச்சைக்கு நிர்ணயித்த தொகைக்கு மேல் நோயாளியிடம் வாங்கக் கூடாது என்பது விதி. அந்தத் தொகைகள் 5 லட்சத்தைத் தொடுவதே அபூர்வம். ஆகவே அங்கே டாப்-அப்புக்கு வேலை மிகக் குறைவு. அட்டை செல்லாத இடத்திலோ, முதல் 5 லட்சத்துக்குக் கொடுப்பார் இல்லை. அட்டையை மட்டும் நம்பி 5 லட்சம் விலக்குள்ள டாப்-அப் எடுப்பவர், தம் கையில் 5 லட்சம் ரொக்கம் வைத்திருப்பவராக இருத்தல் வேண்டும். அவ்வளவு ரொக்கம் வைத்திருப்பவர் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்?

விலக்குத் தொகையைக் கணக்கிடுவதிலும் இரு வகை உண்டு. சாதாரண டாப்-அப் ஒவ்வொரு தடவையும் தனித்தனியே கணக்குப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் என்பது ஆண்டு முழுவதும் வந்த பில்களைக் கூட்டிக் கணக்குப் பார்க்கும். 3 லட்சம் விலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் இரு முறை படுத்து, முறைக்கு 2,50,000 ரூபாய் செலவாயிற்று. சாதாரண டாப்-அப்பில் ஒன்றும் கிடைக்காது. சூப்பர் டாப்-அப்பில் 2 லட்சம் கிடைக்கும். முதியவர்கள் ஆண்டில் இரண்டு மூன்று முறை படுப்பதே வழக்கமாதலால், எடுப்பதானால் இரண்டாவது வகையையே எடுக்க வேண்டும் என்பது நமது கருத்து.

அப்படியானால் டாப்-அப் யாருக்குப் பொருந்தும்? மாநில அரசில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோர் நம் ஊர்களில் இருக்கிறார்கள்: ஆசிரியர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், நம்மைப் போன்றவர்கள். அவர்களுக்கு 2014 ஜூலை முதல் தனியே ஒரு காப்பீட்டுத் திட்டம் உண்டு. சந்தாவை ஓய்வூதியத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். கணவன், மனைவி இருவருக்கும் அது செல்லும். அதில் பலர் கவனியாத ஒன்று, உச்சவரம்பு ஆண்டுக்கென்று அல்லாமல் நான்காண்டுத் தொகுதிக்கென்று வைக்கப்பட்டிருப்பது. 2022 ஜூலையில் தொடங்கிய தொகுதியில் அது 5 லட்சம் ரூபாய். முதல் ஆண்டிலேயே ஒரு பெரிய சிகிச்சை நேர்ந்தால், மீதி ஆண்டுகளுக்கு மிச்சம் கொஞ்சமே. அவர்களுக்கு மாதா மாதம் நிலையான ஓய்வூதியமும் உண்டு. அவர்கள் 2 அல்லது 3 லட்சம் விலக்குள்ள சூப்பர் டாப்-அப் எடுத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. அட்டைக்கு வருமான வரம்பைத் தாண்டியவராய், ஓய்வூதியமும் இல்லாதவராய் உள்ள நடுத்தர விவசாயிக்கோ, முதலில் வேண்டுவது விலக்குத் தொகை இல்லாத சாதாரண மருத்துவக் காப்பீடு. அடித்தளம் போடாமல் மாடி கட்ட முடியாது.

அட்டை வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்திற்குப் பொருந்தக் கூடிய துணை வேறொன்று உண்டு. அதை விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. கமிஷன் சொற்பம் போலும். ஆஸ்பத்திரித் தினப்படிக் காப்பீடு என்பது அது. 24 மணி நேரத்துக்கு மேல் படுக்கையில் இருந்தால், பில் எவ்வளவு என்று பாராமல், நாளொன்றுக்கு இவ்வளவு என்று ரொக்கமாகக் கொடுப்பது. சிகிச்சை அட்டையின் பேரில் இலவசமாக நடந்திருந்தாலும், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பெரும்பாலும் பெறலாம். முதல் ஒரு நாளை விலக்கி, நாளுக்கு 1,000 ரூபாய் என்றால், பத்து நாள் படுத்தவருக்கு 9,000 ரூபாய். பஸ் கட்டணமும் சாப்பாடும் கூலி இழப்பும் அதில் ஓரளவு அடங்கும். தோட்டைக் காப்பாற்றுவது இந்த 9,000 ரூபாய்தான். அரசு ஆஸ்பத்திரியில் படுத்தாலும் உண்டா, ஆண்டுக்கு எத்தனை நாள், எத்தனை நாள் விலக்கு என்னும் மூன்றையும் கேட்டு எழுத்தில் பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.

மாத்திரைச் செலவுக்கு எந்தக் காப்பீட்டையும் தேடவேண்டுவதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வரவில்லையென்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள். பிரீமியம் கட்டி மாத்திரை வாங்குவதைக் காட்டிலும் இது மேலல்லவா?

இனி, தனியார் பாலிசி எடுப்பவர்கள் எச்சரிக்கையாய் இருக்க வேண்டிய சில இடங்களைச் சொல்லுவோம். முன்னமே உள்ள நோயைப் படிவத்தில் மறைக்காதீர்கள். சர்க்கரை இருப்பதை எழுதினால் பிரீமியம் கூடும் என்று சொல்லி, “இல்லை” என்று எழுதச் சொல்பவர் உங்கள் நண்பர் அல்லர். பின்னாளில் ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றே அதைக் காட்டிக் கொடுத்துவிடும், கோரிக்கை தள்ளப்படும். முன்னமே உள்ள நோய்க்குக் காத்திருக்க வேண்டிய காலம் முன்பு நான்கு ஆண்டு வரை இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அது மூன்று ஆண்டுக்கு மேற்படலாகாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. தொடர்ந்து ஐந்து ஆண்டு பிரீமியம் கட்டியவரின் கோரிக்கையை, மோசடி நிரூபணமானால் அன்றி, நோயை மறைத்ததாகச் சொல்லித் தள்ளவும் முடியாது. ஆகவே எடுப்பதானால் இடையில் விடாது கட்டுங்கள். அறுவடைக்கு அறுவடை கட்டலாம் என்று எண்ணுவோர், தவணைத் தேதி அறுவடைக்குப் பின் வருமாறு தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதியவர்களுக்கான பாலிசிகளில் பில்லில் ஒரு பங்கை நீங்களே ஏற்க வேண்டும் என்னும் நிபந்தனை இருப்பதுண்டு. நூற்றுக்கு 20 என்றால், 1 லட்சம் பில்லில் 20,000 ரூபாய் உங்களுடையது. அறை வாடகைக்கு வரம்பு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நாளுக்கு 2,000 ரூபாய் அறைக்கு உரிமையுள்ளவர் 4,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகையில் மட்டுமன்றி டாக்டர் கட்டணம் முதலியவற்றிலும் பாதியை வெட்டிவிடக் கூடும். உறவினர் பார்க்க வரும்போது கௌரவமாக இருக்கட்டும் என்று தனி அறை கேட்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் படித்துப் பார்த்து வேண்டாமென்று திருப்பிவிடலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும். தொட்டி ஆபரேட்டரின் மகனுக்கு இந்த 30 நாள் இருந்தது. அதற்குள்தான் அவர் நம்மிடம் வந்தார். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்குச் சரக்கு சேவை வரி நீக்கப்பட்டுவிட்டது. முன்பு நூற்றுக்கு 18 வரி இருந்தது. 60 வயது கடந்தவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு நூற்றுக்கு 10-க்கு மேல் உயர்த்துவதானால் ஆணையத்தைக் கலந்தே செய்ய வேண்டும் என்றும் 2025 ஜனவரியில் உத்தரவாகியிருக்கிறது.

கோரிக்கையை அநியாயமாகத் தள்ளினால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். 30 நாளில் தக்க பதில் வராவிடில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. அரசு அட்டையைப் பற்றிய முறையீட்டுக்கு 1800 425 3993 என்னும் எண்ணில் பணமின்றிப் பேசலாம். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் பணம் கேட்டால், பணத்தைக் கட்டுவதற்கு முன் அந்த எண்ணில் பேசுங்கள். கட்டிய பின் பேசினால் காரியம் கடினம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இரண்டு வேலைகள். நெஞ்சு வலி கண்ட இரவில் அட்டை எங்கே செல்லும் என்று யாரும் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகையால் நமது சுற்றுப்புறத்தில் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளின் பெயர், அங்கே எந்தெந்தச் சிகிச்சைக்கு அனுமதி, இரவில் இருதய டாக்டர் உண்டா இல்லையா என்பனவற்றை விசாரித்துப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் நியாயவிலைக் கடையிலும் எழுதி வைக்க வேண்டும். பட்டியல் மாறுவது உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டும். மற்றொன்று, காப்பீட்டு அட்டையில் முதியவர்களின் பெயர். அட்டை குடும்ப அட்டையை ஒட்டியது. மகன் தனிக்குடித்தனம் போய்க் குடும்ப அட்டையைப் பிரித்துக்கொண்டபோது, தாய் தகப்பனார் பெயர் எந்த அட்டையிலும் இல்லாமல் போன வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். ஆஸ்பத்திரி வாசலில்தான் அவர்களுக்கு அது தெரியவருகிறது. வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் 60 வயது கடந்தோர் வீட்டுக்குச் சென்று அட்டையை வாங்கிப் பெயர் பார்த்தால் இரண்டு நாள் வேலை. பெயர் விடுபட்டிருந்தால், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டு ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம்.

அடுத்த கிராம சபைக்கு நமது அலுவலகத்திலிருந்து விரிவாக்க அலுவலர் ஒருவர் ஒவ்வோர் ஊருக்கும் வருவார். அட்டை வைத்திருப்போர் அட்டையையும், தனியார் பாலிசி வைத்திருப்போர் அதன் எல்லாப் பக்கங்களையும் கொண்டு வாருங்கள். இந்த முறை கடைசிப் பக்கம் வரையில் படித்துச் சொல்லுவோம். தொட்டி ஆபரேட்டராக இருந்த அந்தப் பெரியவரும் தம் ஊர்ச் சபைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நிலம் இன்னும் போக்கியத்தில்தான் இருக்கிறது. கெடு வரும் வைகாசியில். அட்டையும் பாலிசியும் அந்த 2,80,000 ரூபாய் பில்லும் மூன்றையும் கொண்டுவந்து காட்டச் சம்மதித்திருக்கிறார்.